ஒரு கையில் கரண்டி, மறு கையில் காமிரா

"ஏண்டி, ஊர்ப் பேரிலேயே நெருப்பும் இருக்கு, எரிச்சலும் இருக்கு! உங்களுக்கு வேறே ஊரே கிடைக்கலியா?"

2019ஆம் வருஷம் ஜூன் மாதம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாங்கள் மூட்டை முடிச்சோடு நெருப்பெரிச்சலுக்குக் குடி போகிறோம் என்றதும் என் அம்மா கேட்ட கேள்வி இது. அம்மாவைச் சமாதானப்படுத்த, "பேரிலே என்னம்மா இருக்கு? அடுப்புக்கும் நெருப்புத்தானே வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தேன். அந்தப் பேச்சு ஒரு நாள் அப்படியே பலிக்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நெருப்பெரிச்சலை எத்தனை பேருக்குத் தெரியுமோ! திருப்பூருக்கு வடக்கே, பெருமாநல்லூர் போகிற வழியை ஒட்டி இருக்கிறது. அந்தச் சாலையைத் திருப்பூரில் யாரும் பெருமாநல்லூர் ரோடு என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள், பி.என். ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். முன்பு தனி ஊராட்சியாக இருந்த ஊர்; 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஊர் இன்னும் பாதி கிராமம், பாதி பட்டணம். ஒரு பக்கம் சோளத் தட்டு போட்ட காடு, வேலி ஓரத்தில் மேயும் ஆடு. அடுத்த பக்கம் தகரக் கூரை போட்ட பனியன் கம்பெனி, உள்ளே ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சல்.

நாங்கள் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. எங்களுக்கு 120 தென்னை மரங்கள் இருந்தன. விடிந்து போய்ப் பார்த்தால் நின்றவை 11. மற்றவை எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துப் படுத்துக் கிடந்தன. என் கணவர் வரப்பில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. நெல் என்றால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நெட்டைத் தென்னை வைத்தால் பாளை விடவே 5, 6 வருஷம் ஆகுமே! புதுக் கன்றுகளை நட்டு, தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு, எட்டாவது போக வேண்டிய மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். இவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். அவர் தயவில் இவருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது.

குடியேறியது ஒரு லைன் வீட்டில். எட்டு வீடு வரிசையாக, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல். எங்கள் வலப்பக்கம் தேனிக்காரர்கள், இடப்பக்கம் ஒடிசாவிலிருந்து வந்த இளம் தம்பதி, கோடி வீட்டில் பீகார்ப் பையன்கள் நான்கு பேர். வீட்டுக்கார அம்மா மட்டும்தான் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் என்னை "அம்மிணி" என்பார். கொங்கு நாட்டில் இந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே போய் இருந்தால்தான் தெரியும்.

காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும்! தோளில் சாப்பாட்டுப் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்களும் ஆண்களும் சாரி சாரியாகப் போவார்கள். எட்டரைக்கு ஷிப்ட். சாயந்தரம் ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கினால் ராத்திரி வரை நீளும், அது ஒன்றரை ஷிப்ட். டெய்லர், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு கூலி. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலும் சந்தையிலும் தமிழோடு இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். ஊரே வெளியூர்க்காரர்களால் ஆனது என்பதால் யாரும் யாரையும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

சமையலைத் தொழிலாக எடுக்க வேண்டும் என்று நான் திட்டமிட்டவள் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூடின. கோடி வீட்டுப் பீகார்ப் பையன்கள் கையில் அரிசி மட்டும் வைத்துக்கொண்டு விழித்தார்கள். "நீங்கள் அரிசி கொடுங்கள், நான் குழம்பு வைக்கிறேன்" என்றேன். நான்கு பேர் பத்துப் பேரானார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபோது அந்தப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். போகும்போது ஒருவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி திறந்து அவர்கள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக என்னிடம்தான் வந்தார்கள். "சாப்பாடு வேணும், காசு தர்றோம்" என்றார்கள். இப்படித்தான் நான் சமையல்காரி ஆனேன்.

முதல் வருஷம் பதினைந்து பேருக்குக் காலையும் மத்தியானமும். பிறகு முப்பத்தெட்டு வரை வந்தது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாம்பாரும் வத்தக் குழம்பும் மட்டும் போட்டால் இங்கே எடுபடாது என்று சீக்கிரமே புரிந்துகொண்டேன். பெரியம்மா எனக்கு அரிசிம்பருப்பு சாதமும், கொள்ளுப் பருப்பும், பச்சைப்பயறு கடைவதும் சொல்லிக் கொடுத்தார். ஒடிசாப் பெண் பருப்போடு காய்களைச் சேர்த்து வேகவைக்கும் டால்மா செய்யச் சொல்லிக் கொடுத்தாள். அதுவும் வாரம் ஒரு நாள் உண்டு.

வீட்டில் சமைத்து விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு விஷயம். ஒன்று, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2021இல் நான் பதிந்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினேன். 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். பெரிய ஆர்டர் கேட்கப் போகும்போது அந்தச் சான்றிதழ் நமக்குப் பெரிய துணை. இரண்டாவது, வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ கேஸ் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி காமிரா வந்த கதை. என் தாய்மாமா பட்டுக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு இருந்த லீவில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். இருட்டறையில் தாளில் முகம் மெல்ல மெல்லத் தோன்றும்போது எனக்கு ஏதோ மாயம் நடப்பது போல் இருக்கும். "வெளிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு முதல்லே பாரு, அப்புறம் ஆளைப் பாரு" என்பார் மாமா. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை ஸ்டூடியோவில் நின்று படம் எடுப்பதாவது! கல்யாணத்தோடு அதெல்லாம் மறந்துபோனது.

2021 கடைசியில், என்னிடம் சாப்பிடும் தேனிப் பையன் ஒருவன் காதர்பேட்டையில் குழந்தை உடுப்புகள் மொத்தமாக வாங்கி இணையக் கடைகளில் விற்க ஆரம்பித்தான். திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் பனியன் சந்தைதான் காதர்பேட்டை. அங்கே போகும் வழியில் கொடி காத்த குமரன் நினைவிடம் இருக்கிறது. 1932 ஜனவரியில் கொடியை விடாமல் பிடித்தபடி அடிபட்டு உயிர் விட்டாரே, அவருடைய நினைவிடம்தான். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். அந்தப் பையன் தான் எடுத்த படங்களைக் காட்டினான். ட்யூப் லைட் அடியில் எடுத்ததில் வெள்ளை ஜபலா சாம்பல் நிறத்தில் இருந்தது. "இதைப் பார்த்து எந்தத் தாய்டா வாங்குவாள்?" என்றேன். "அப்ப நீங்களே எடுங்கக்கா" என்றான். எடுத்தேன்.

செல்போன் காமிராதான். வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு வெள்ளை சார்ட் தாள், நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. முழு வெள்ளைத் துணியைக் காமிரா தானாக மங்கலாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். உடுப்பை நன்றாக இஸ்திரி போட்டு, கை மடிப்புக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்தால் உள்ளே குழந்தை இருப்பது போலவே இருக்கும். ஒரு உடுப்புக்கு 25 ரூபாய் கொடுத்தான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பிறகு சின்ன ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டது. இருட்டறையில் பார்த்த மாயம் இருபத்தைந்து வருஷம் கழித்து எனக்குக் கூலி கொடுத்தது!

இந்தச் சந்தோஷத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொன்னேன். அவளும் கைமணக்கச் சமைப்பவள், படமும் நன்றாக எடுப்பாள். "உனக்கென்னக்கா, நினைச்சதைச் செய்யறே. நான் இங்கே பத்து ரூபாய்க்கு முறுக்கு சுட்டு விற்கணும்னாலும் முதல்லே சட்டத்தைப் பார்க்கணும்" என்றாள். அவள் சொன்னது நிஜம்தான். கணவரின் வேலையை முன்னிட்டுத் துணையாகப் போயிருக்கும் பெண்கள் அங்கே வேலை பார்க்க, 2021 மே 1 முதல் தங்கள் பெயரிலேயே வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. வெளிநாடு போகும் இளம் பெண்கள், கையில் தொழில் இருக்கிறதே என்ற தைரியத்தில் மட்டும் போகாமல், அந்த நாட்டில் நம் விசாவுக்கு என்ன அனுமதி என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு நெருப்பெரிச்சலில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. என் அம்மாவைத் தவிர!

அம்மா போனில் கேட்டார்: "ஆத்திலே ஒரு கால், சேத்திலே ஒரு கால்னு நிக்கறியே, ஏதாவது ஒண்ணைப் பண்ணக் கூடாதா?"

அம்மா சொன்னதன் அர்த்தம் 2022 ஆயுத பூஜை அன்று புரிந்தது.

திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி மாதிரி. கம்பெனி கம்பெனியாக மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சாப்பாடும் போடுவார்கள். ஒரு கம்பெனியில் 60 பேருக்கு எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சுண்டல் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு வெள்ளை ஜபலா சாம்பிள்கள் வந்தன. "நாளை மத்தியானத்துக்குள் படம் வேணும், சாயந்தரம் சாம்பிள் கூரியரில் போகணும்" என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பணத்தைக் கண்டால் யாருக்கு அந்த வார்த்தை வாயில் வருகிறது? மகளுக்கு டியூஷன் பணம் கட்ட வேண்டிய மாதம் அது.

விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். வெளிச்சம் வந்ததும், சாதத்தைக் கிளறிவிட்டு இரண்டு படம், திரும்ப வந்து தாளித்துக் கொட்டிவிட்டு இரண்டு படம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் நகக் கண்ணில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஒன்பதாவது ஜபலாவின் மார்பில், சரியாக நடுவில், என் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்துவிட்டது.

பதற்றத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாவது அதனால்தானே! ஜபலாவில் ரத்தம் பட்டது போல் ஆகிவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒடிசாப் பெண் அப்போது செக்கிங் வேலையை விட்டுவிட்டு கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். என் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். பார்த்த மாத்திரத்தில் ஜபலாவை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்தாள். மஞ்சள் கறைக்கு வெயிலை விட மருந்து கிடையாது. இரண்டு மணி நேரத்தில் கறை இருந்த இடம் தெரியாமல் வெளிறிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. யாருக்கும் தெரியாமல் இஸ்திரி போட்டு மற்றதோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்று மடிக்கப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் தீதி. தண்ணி பட்ட பீஸு கையிலே தெரியும். செக்கிங்லே நான் பிடிச்சிருக்கேன். அளவும் மாறும். அங்கே போய் ரிஜெக்ட் ஆனா கம்பெனிக்குப் பேர் போகும். சொல்லிடுங்க" என்றாள். பின்னலாடைத் துணி தண்ணீரில் நனைந்தால் கொஞ்சமாவது சுருங்கும் என்பதும், தொட்டால் புதுத்துணி போல் இருக்காது என்பதும் எனக்கும் தெரியும். தெரிந்தும் மறைக்கப் பார்த்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண், பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்தவள், எனக்குப் புத்தி சொன்னாள்.

சாப்பாட்டை அனுப்பிவிட்டு, நானே கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் கடுகடுவென்று பார்த்தார். "கறை பட்டது தப்பில்லைங்க. பத்து மணிக்குப் பட்ட கறையை மூணு மணிக்கு வந்து சொல்றீங்களே, அதுதான் தப்பு. அப்பவே சொல்லியிருந்தா வேற ஒண்ணு தைச்சிருப்பேன்" என்றார். பூஜை நாளாயிற்றே, டெய்லர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். யாரோ ஒருவரைத் திரும்ப வரச் சொல்லித் தைத்து அனுப்பினார்கள். அதன்பின் இரண்டு மாதம் அங்கிருந்து எனக்கு ஒரு படமும் வரவில்லை. மார்கழியில் ஒரு நாள் போன் வந்தது: "நீங்க வந்து சொன்னதாலேதான் கூப்பிடறேன்."

அந்த இரண்டு மாதமும் நான் நன்றாக யோசித்தேன். ஒரு தொழிலை விட்டுவிடலாமா? இவர்கூட, "படத்தை விட்டுடேன், சமையல் போதும்" என்றார். ஆனால் தப்பு இரண்டு தொழில் செய்ததில் இல்லை, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் செய்ததில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஊரையே பாருங்களேன். துணி வெட்டுகிற மேஜையில் யாராவது டீ குடிக்கிறார்களா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம், ஒரு மணி என்று இருப்பதால்தான் இத்தனை கம்பெனி ஓடுகிறது. அந்த ஒழுங்கை என் வீட்டுக்குள் கொண்டு வந்தேன்.

விடிகாலை நாலரையிலிருந்து எட்டு வரை சமையல். எட்டு மணிக்குக் காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் கையோடு போய்விடும். பிறகு அடுப்படியைக் கழுவி, குளித்து, வேறு புடவை மாற்றிக்கொள்வேன். மொட்டை மாடியில் பெரியம்மாவின் சாமான் அறையை 800 ரூபாய் வாடகைக்குக் கேட்டு வாங்கினேன். உடுப்புகள் அங்கேதான், அடுப்படிப் பக்கமே வராது. பத்திலிருந்து ஒரு மணி வரை வெளிச்சம் நன்றாக இருக்கும், அப்போது படம். நகத்தை ஒட்ட வெட்டி, வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் துணியைத் தொடுவேன். மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கை. அது யார் வந்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை. பெரிய சமையல் ஆர்டர் எடுத்த நாளில் படம் கிடையாது. காலண்டரில் சமையலுக்குச் சிவப்பு மசி, படத்துக்கு நீல மசி. ஒரே தேதியில் இரண்டு நிறமும் வரக் கூடாது.

படுக்கை என்றேனே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2023இல் படி ஏறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துப் போனது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகைதானாம். "முப்பத்தெட்டுப் பேருக்குச் சமைக்கிறீங்களே, நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. காலையில் டீ, பதினோரு மணிக்கு டீ, மிச்சம் மீதி இருந்தால் மூன்று மணிக்குச் சாப்பாடு. இதுதான் என் லட்சணம்! இரும்புச் சத்து மாத்திரையோடு டீயோ காப்பியோ சேர்த்துக் குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது என்றார். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவை சேர்ந்தால் நன்றாக ஒட்டும் என்றார். மூன்று வாரம் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டார். அந்த மூன்று வாரமும் உட்கார்ந்தபடி படம் எடுத்த காசில்தான் வீடு ஓடியது. இப்போது முதல் பாத்திரத்தில் எடுக்கும் முதல் கரண்டி என் தட்டுக்கு. சமையல் தொழில் செய்யும் சகோதரிகள் இதை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை நிறுத்திய மாதங்களில் சமையல் தாங்கியது; சமையலை நிறுத்திய நாட்களில் படம் தாங்கியது. 2025லும் அதே கதைதான். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூரின் பின்னலாடை நிறைய அமெரிக்காவுக்குத்தானே போகிறது! எங்கோ ஒரு தேசத்தில் போட்ட கையெழுத்து, எங்கள் தெருவில் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கியது. சாப்பாட்டுக் கணக்கு முப்பத்தெட்டிலிருந்து இருபத்தொன்றுக்கு இறங்கியது. ஏற்றுமதி சாம்பிள் படமும் நின்றது. ஆனால் தீபாவளி வருகிறதே, உள்ளூருக்கு விற்கும் பையன்கள் உடுப்பு மூட்டைகளோடு மாடிப் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன்: "ஆத்திலே ஒரு கால் வழுக்கினா, சேத்திலே இருக்கிற கால் புதைஞ்சாவது பிடிச்சுக்குதும்மா."

அந்த ஒடிசாப் பெண் இப்போது என்னோடு கூட்டு. குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போக முடியாமல் இருந்தவளை விடிகாலைச் சமையலுக்கு வரச் சொன்னேன். தூங்குகிற குழந்தையைத் தூக்கி வந்து எங்கள் கட்டிலில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். இட்லி மாவின் பதம் இப்போது என்னை விட அவளுக்குத்தான் நன்றாக வருகிறது! எனக்கு இது வெளியூர். அவளுக்கு வெளி தேசம் மாதிரி. தீதி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது அக்காவுக்கு மாறினாள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் பெரியம்மா எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். நெருப்பில் இறங்கி நடந்து வருகிறவர்களைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நின்றோம். "ரெண்டு காலையும் நம்பி வெக்கோணும் அம்மிணி. பாதியிலே நின்னாத்தான் சுடும்" என்றார் பெரியம்மா. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குண்டத்தைப் பற்றித்தான் சொன்னார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளில் ஏழு மரம் பாளை விட்டிருந்தன. இவர் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "இனி திரும்பி வந்துடலாமா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாடி அறையில் எடுக்க வேண்டிய உடுப்பு இரண்டு மூட்டை இருந்தது. விடிந்தால் இருபத்தொரு பேருக்குச் சாப்பாடு போட அந்தப் பெண் தனியாக மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

"மக படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் தேங்காய் வெட்டுக்கு நீங்க வந்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் நான் வரும்போது காமிராவை எடுத்துக்கிட்டு வர்றேன். கரண்டி அங்கேயே, அவ கையிலே இருக்கட்டும்" என்றேன். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அவகிட்டே சாம்பாருக்குப் புளி கம்மியாப் போடச் சொல்லு" என்றார்.

கிளம்பும்போது அம்மா ஒரு பை நிறைய இளந்தேங்காய் கட்டிக் கொடுத்தார், கொழுந்தனார் தோட்டத்தில் புயலுக்குத் தப்பிய மரத்துக் காய். "நெருப்பெரிச்சலுக்குக் கொண்டு போ. அந்த ஒடிசாப் பொண்ணு குழந்தைக்கும் கொடு" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது அம்மா இந்தத் தடவை முகத்தைச் சுளிக்கவில்லை.